299 ரூபாய் ரீசார்ஜில் கிராமத்துக்குப் போகும் 12 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசிக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பது பலருக்கும் தெரியும். அதைக் கழித்தால் நிறுவனத்தின் கணக்கில் சுமார் 253 ரூபாய் சேர்கிறது. அதிலிருந்து இன்னொரு தொகையும் அரசுக்குப் போகிறது. அது ரசீதில் இருக்காது, குறுஞ்செய்தியிலும் வராது. ஏறத்தாழ 12 ரூபாய். ஏ.ஜி.ஆர். என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள், சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாய். அதில் 5 சதவீதத்தைக் கிராமங்களுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்காகக் கட்ட வேண்டும் என்பது விதி. கட்டுவது நிறுவனம். பணம் நம்முடையது. சென்னை தியாகராய நகரில் உட்கார்ந்து படம் பார்க்கிறவரும் இதைக் கட்டுகிறார். பச்சைமலையில் ஒரு கோடு சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறவரும் கட்டுகிறார்.

இந்தப் பணம் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. கேபிள் இழுப்பதையும் ஜாயின்ட் போடுவதையும் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவத்தில் பேசுகிறேன், அவ்வளவுதான்.

முதலில், அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஒரு டவருக்கு ஆகும் இரும்பு ஊரிலும் மலையிலும் ஒன்றுதான். ஆனால் மலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகும் செலவு வேறு. அங்கே மின்சாரம் அடிக்கடி போகும்; ஜெனரேட்டருக்கு டீசல் ஜீப்பில் ஏற வேண்டும். டவரிலிருந்து தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பும் இணைப்பு வேறு வேண்டும். இத்தனையும் செய்தால் அந்த டவரின் கீழே முந்நூறு நானூறு பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய மாட்டார்கள். வியாபாரம் செய்கிறவர் வர மாட்டார். வராததற்காக அவரைத் திட்டிப் பயனில்லை. செலவுக்கும் வரவுக்கும் நடுவே விழும் பள்ளத்தை அரசு நிரப்ப வேண்டும். எவ்வளவு நிரப்புவது என்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "இந்த ஊர்களுக்குச் சேவை தர எவ்வளவு மானியம் கேட்கிறீர்கள்?" என்று டெண்டர் விடுவார்கள். குறைவாகக் கேட்டவருக்கு வேலை.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கு வந்து சேரவே நாளாகிவிட்டது. 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது. நடக்கவில்லை. 1999-இல் புதிய கொள்கை வந்தது. அது 2002-க்குள் என்றது. அப்போது நாட்டின் கிராமப்புறங்களில் நூறு பேருக்கு 0.4 தொலைபேசி, அதாவது 250 பேருக்கு ஒன்று. அந்தக் கொள்கைதான் தனி நிதி வேண்டும் என்றும் சொன்னது. 2002 ஏப்ரல் 1 அன்று யு.எஸ்.ஓ. நிதி, அதாவது எல்லோருக்கும் சேவை கொண்டுசேர்க்கும் கடமைக்கான நிதி, தொடங்கியது. நம் 12 ரூபாய் இதற்காகத்தான். அடுத்த ஆண்டு சட்டத் திருத்தம் வந்தது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பெயர் மாறியது, 2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் விதிகள் வந்தன.

2003 சட்டத்தில் ஒரு வேடிக்கை. அதன்படி நிதியை அடிப்படைத் தொலைபேசிச் சேவைக்கு மட்டும்தான் செலவிட முடியும். நாடே செல்போனுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. டெல்லியில் சட்டம் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2006 கடைசியில்தான் திருத்தி, செல்போனுக்கும் பிராட்பேண்டுக்கும் வழி விட்டார்கள். இதற்கிடையே, 2010-க்குள் கிராமங்களில் நூறு பேருக்கு 4 தொலைபேசி என்று 1999 கொள்கை வைத்திருந்த இலக்கு ஒன்று உண்டே, 2010 வந்தபோது அது 20-ஐத் தாண்டியிருந்தது. இதில் நிதியின் பங்கு கொஞ்சம்தான். விலை குறைந்த கைபேசியும் மலிவான கட்டணமும் போட்டியும் செய்த வேலை அது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? சந்தை தானாகப் போகும் இடத்துக்கு அரசுப் பணம் தேவையில்லை. சந்தை நின்றுவிடும் இடத்திலிருந்துதான் இந்த நிதியின் வேலை ஆரம்பிக்கிறது.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று. 1990-களில் கிராமத்துக்கு ஒரு பொதுத் தொலைபேசி வைக்க எம்.ஏ.ஆர்.ஆர். என்ற ரேடியோ கருவியைப் பயன்படுத்தினார்கள். எக்ஸ்சேஞ்சில் ஒரு ஏரியல், ஊரில் ஒரு ஏரியல், நடுவே கம்பி கிடையாது. பஞ்சாயத்துக் கட்டடத்திலோ, ஊர்ப் பெரியவர் வீட்டிலோ போன் வைக்கப்படும். திறப்பு விழா நடக்கும், மாலை போடுவார்கள். கணக்கில் அந்த ஊர் "தொலைபேசி வசதி பெற்ற கிராமம்" ஆகிவிடும். மழைக்காலம் வந்தால் போன் மூச்சு விடாது. பேட்டரி போய்விட்டிருக்கும், உதிரிபாகம் கிடைக்காது. ஆனால் கணக்கில் ஊர் வசதி பெற்றதாகவே இருக்கும்! பிறகு யு.எஸ்.ஓ. நிதி வந்ததும் அதன் பெரிய வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்தப் பழைய எம்.ஏ.ஆர்.ஆர். தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு வேறு தொழில்நுட்பத்தில் மாற்றி வைப்பது. ஏறத்தாழ 1.85 லட்சம் தொலைபேசிகள். ஒரே ஊருக்கு, ஒரே வசதிக்கு, இரண்டு முறை செலவு.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் 128 இணைப்புகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்தது. முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறை வேண்டும், தூசு ஆகாது. இதற்கு ஏ.சி. வேண்டாம். நம் ஊர் வெயிலையும் தூசியையும் மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்தது. கார்டு பழுதானால் கழற்றி வேறு கார்டைச் செருகினால் போதும். பிற்பாடு ஊருக்கு ஊர் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்ததில் இந்த மாதிரி எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கும்போதே பராமரிப்பை யோசித்துச் செய்த பொருள், அதனால் ஓடியது.

சரி, இப்போதைய காலத்துக்கு வருவோம். 2007-இல் நிதியின் மானியத்தோடு பொது டவர் திட்டம் வந்தது. ஒரே டவரை மூன்று நிறுவனங்கள் வரை பகிர்ந்துகொள்ளலாம். நாடு முழுவதும் 7,300-க்கும் மேற்பட்ட டவர்கள் வந்தன. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகவே நடந்த திட்டம். பெரிய கதை பாரத்நெட்.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம் இது. அப்போது வேறு பெயர். நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள், அதாவது ஃபைபர். மதிப்பீடு 20,000 கோடி ரூபாய். ஒன்றியத் தலைநகர் வரை அரசு நிறுவனங்களின் ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து ஊராட்சி வரைக்கும் இழுத்தால் போதும் என்று கணக்கு. காகிதத்தில் இரண்டு வருட வேலை. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவித்தபோது 2017 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மொத்த மதிப்பீடு 42,068 கோடி. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டம் என்று ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. அது 1,39,579 கோடி.

தொகை ஏறியதைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஊழல்" என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். ஓர் ஓரமாகச் சுவரில் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள்ளே கைக்கு அடக்கமான வெள்ளைக் கருவி, கீழே பேட்டரி. கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் வழியில் எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது. எந்த விளக்கும் எரியவில்லையென்றால் கரண்ட் இல்லை, பேட்டரியும் செத்துவிட்டது. அலுவலகமே பூட்டியிருப்பதும் உண்டு. ஊராட்சிச் செயலர் இரண்டு ஊராட்சியைச் சேர்த்துப் பார்ப்பார், சாவி அவரிடம் இருக்கும். மூன்று நிலையில் எதில் இருந்தாலும் திட்ட அறிக்கையில் அந்த ஊராட்சி "இணைக்கப்பட்டது"தான்.

ஃபைபர் அறுவது பெரிய விஷயமே இல்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜே.சி.பி. போதும், சாலை அகலப்படுத்தும் வேலை போதும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தலைமுடி கனம். அதை ஒட்டவைக்கத் தனி இயந்திரம் வேண்டும், கை பழகிய ஆள் வேண்டும். இரண்டும் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும். பழைய முறையில் ஃபைபர் ஊர் ஊராக ஒரே நேர்க்கோட்டில் போனது. திருவிழா சீரியல் விளக்கு மாதிரி, நடுவே ஓரிடத்தில் போனால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊரும் இருட்டு. இதைச் சரிசெய்யும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்.-லிருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்தக் கேபிள் எந்தப் புளியமரத்தடியில் திரும்புகிறது என்பது அவர்களில் பலரின் தலைக்குள் இருந்த வரைபடம். கம்ப்யூட்டரில் இருந்தது பாதிதான்.

இந்த 78,000 பேரின் சம்பளச் சுமை நிறுவனத்தை அழுத்தியது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் லட்சம் கிலோமீட்டர் கணக்கில் புது ஃபைபர் போட்டுக்கொண்டே, மறுபக்கம் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கைகளை அனுப்பிவிட்டால் என்ன ஆகும்?

நம் மாநிலத்தில் இது எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும். பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தில் எட்டு மாநிலங்கள் வேலையைத் தாங்களே நடத்துவதாக எடுத்துக்கொண்டன. தமிழ்நாடு அதில் ஒன்று. அதற்காகத் தொடங்கிய நிறுவனம் டான்ஃபினெட். 12,525 ஊராட்சிகளுக்கு இணைப்பு. டெண்டர் விட்டார்கள். நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் போனது. 2020 ஜூனில் அந்த டெண்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விடும்படி மத்திய அரசு சொன்னது. அது கொரோனாக் காலம். மலையோரப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக மரத்திலும் மேட்டிலும் ஏறிய படங்களை நாம் எல்லோரும் பத்திரிகையில் பார்த்த அதே சமயம். டெண்டரை ரத்து செய்தது சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. அந்தப் படங்களும் ரத்துச் செய்தியும் ஒரே பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் மாநிலத் திட்டத்தில் ஃபைபரின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. தோண்டும் செலவு மிச்சம், வேலையும் சீக்கிரம். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்ததை மறந்துவிட முடியாது. கம்பம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமாவது முக்கியத் தடங்களைப் பூமிக்கடியில் கொண்டுபோயிருக்கலாம் என்பது என் கருத்து. செலவு கூடும்தான். ஒரு புயலில் திரும்பக் கிடைத்துவிடும்.

இனி கடல் பக்கம் போவோம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு நிற்காமல் கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகிறது. முழுச் செலவும் இதே யு.எஸ்.ஓ. நிதியிலிருந்து. 2011 கணக்கெடுப்பில் அங்கே 3.8 லட்சம் மக்கள். தலைக்கு 32,000 ரூபாய் வருகிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவின் 11 தீவுகளுக்குப் போட்ட கேபிள் 1,072 கோடி, 2024 ஜனவரியில் திறந்தது. அங்கே மக்கள்தொகை 65,000-க்கும் குறைவு. தலைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு செலவா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தமானில் சொந்தக்காரர்கள் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. போர்ட் பிளேருக்குப் போன் போட்டால் பேச்சு பாதியில் நின்ற காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குத் தீவு முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஆஸ்பத்திரி, வங்கி, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்தச் சின்ன வாசலில் வரிசையில் நின்றன. செயற்கைக்கோளுக்கு மாதாமாதம் வாடகை உண்டு. கடல் கேபிளை ஒருமுறை போட்டால் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். மீனவர் நங்கூரம் பட்டால்தான் உண்டு, அதைத் தோண்ட ஜே.சி.பி. வராது. இந்த நிதி செய்த செலவுகளில் மிக நியாயமானது எது என்று என்னைக் கேட்டால், இந்த இரண்டு கேபிள்களைத்தான் சொல்வேன்.

டவரே இல்லாத ஊர்களுக்கு 4ஜி கொடுக்கும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தார்கள். 24,680 கிராமங்கள், 26,316 கோடி. கிராமத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி. நான் கவனித்த விஷயம், இந்தத் தொகைக்குள்ளேயே ஐந்து வருட நடத்தும் செலவையும் சேர்த்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல்.-இன் உள்நாட்டு 4ஜி வலையமைப்பைத் தொடங்கிவைத்தபோது, இந்த நிதியில் அமைந்த 18,900-க்கும் மேற்பட்ட டவர்கள் வழியாக 26,700 கிராமங்களுக்கு இணைப்பு என்று அறிவித்தார்கள். டவர்கள் சூரிய மின்சாரத்தில் ஓடுகின்றன. டீசல் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

நிதியில் பணம் இல்லையா என்றால், எப்போதும் இருந்தது. வசூலாகும் தொகை நேரே நிதிக்குப் போகாது. முதலில் இந்தியத் தொகுப்பு நிதிக்குள் போகும். அங்கிருந்து நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் இங்கே வரும். வசூலித்ததற்கும் ஒதுக்கியதற்கும் நடுவே பல்லாயிரம் கோடி ரூபாய் வித்தியாசம் பல ஆண்டுகள் நின்றது. செலவழிக்காத பணத்தைக் காட்டித்தான் நிறுவனங்கள், வசூலைக் குறையுங்கள் என்று கேட்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் 2015-இல் 5 சதவீதத்தை 3 ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறைத்தால் 299 ரூபாய் ரீசார்ஜ் 294 ரூபாய் ஆகிவிடும் என்று யாராவது நம்புகிறீர்களா?

இன்னமும் வேலை இருக்கிறது. 2024 மார்ச் டிராய் கணக்கில் நகர்ப்புறத்தில் நூறு பேருக்கு 133 இணைப்பு, கிராமத்தில் 59. இதற்கிடையில் அரசாங்கமே எல்லாவற்றையும் நெட்டுக்குள் வைத்துவிட்டது. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலியில் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். வேலைத் தளத்தில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். ரேஷன் கடையில் விரல் ரேகை. மலையூர் ஒன்றில் பார்த்தேன். விற்பனையாளர் பி.ஓ.எஸ். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்து, வளைவு தாண்டி சிக்னல் கிடைக்கும் மேட்டில் நிற்கிறார். பின்னாலேயே பாட்டிகள் வரிசை. மிளகும் காப்பியும் பறித்து ரேகை தேய்ந்த விரல். முதல் முறை எடுக்காது, இரண்டாம் முறையும் எடுக்காது. மூன்றாம் முறை ரேகை எடுக்கும், சிக்னல் போய்விடும். "நாளைக்கு வா பாட்டி" என்றால் அந்த நாளைக்குக் கூலி போகும். சிக்னல் இல்லாத இடத்தில் சிக்னலைக் கட்டாயமாக்கினால் அதன் செலவை யார் தலையில் கட்டுகிறோம்?

2023-இல் வந்த திருத்திய பாரத்நெட்டில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் அதன் தொகை இல்லை. ஃபைபர் இனி நேர்க்கோட்டில் போகாமல் வளையமாகப் போகும்; ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரும். போட்டவரே பத்து வருடம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். வீடு வரைக்கும் இணைப்பு கொடுக்க உள்ளூர்க்காரரைச் சேர்த்து, வரும் வருமானத்தில் பாதி அவருக்கு. நம் ஊரில் அந்த உள்ளூர்க்காரர் பெரும்பாலும் கேபிள் டி.வி.க்காரர்தான். எந்த வீட்டு மாடியில் எந்தப் பக்கம் ஏணி சாத்தலாம் என்று அவருக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பார், எடுக்காவிட்டால் மறுநாள் டீக்கடையில் பிடித்துக்கொள்ளலாம். டெல்லியில் எழுதும் எந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிடி கிடையாது.

ஆனால் ஒப்பந்தப் பணத்தை எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இத்தனை கிலோமீட்டர் போட்டேன் என்றால் பணம் வரும் என்று வைத்தால் கிலோமீட்டர்தான் கிடைக்கும். அந்த ஊராட்சியில் பச்சை விளக்கு மாதத்தில் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்த்துக் கொடுத்தால், ஒப்பந்ததாரரே ஆளை அனுப்பி பேட்டரியை மாற்றுவார். விளக்கு எரிந்த நேரம் கருவியிலேயே பதிவாகிறது. தனியாகக் கணக்கெடுக்க ஆள் வேண்டாம். அந்தக் கணக்கை ஊராட்சிவாரியாக மாதாமாதம் வெளியிடுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு கேட்கும்போது, ஊராட்சி அலுவலகத்து இரும்புப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த விளக்கு எரிகிறது, எப்போதிலிருந்து எரியவில்லை, பழுதானால் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பதைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அந்தப் பெட்டிக்கு நீங்களும் மாதாமாதம் 12 ரூபாய் கட்டுகிறீர்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.